சிக்குக் கோலத்தில் ஒரே இழை: நடுப்புள்ளி உணர்த்தும் கணிதம்

ஆய்வுச் சுருக்கம்

புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் சிக்குக் கோலத்தை ஒரே இழையில் முடிப்பது சிறப்பாகக் கருதப்படுகிறது. ஒரு கோலம் பல இழைகளாகப் பிரிந்து அமையும்போது, அதனை வரைபவரின் பிழை என்றோ மூல வடிவத்தின் சிதைவு என்றோ கருதும் போக்கு ஆய்வுலகில் உண்டு. இழைகளின் எண்ணிக்கையைப் புள்ளிகளின் அமைப்பும் வெட்டுகளின் எண்ணிக்கையும் சமச்சீரும் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. செவ்வகக் கோலத்தின் இழைகளை மீப்பெரு பொதுக் காரணி தீர்மானிக்கிறது. அரைச்சுற்றுச் சமச்சீர் உடைய நேர்ப்புள்ளிக் கோலத்தில் இழைகள் ஒற்றையா இரட்டையா என்பதைக் கோலத்தின் நடுவிடம் தீர்மானிக்கிறது. இவ்விரு முடிவுகளும் எளிய முறையில் நிறுவப்பட்டு, கள்ளக்குறிச்சி போன்ற வட்டாரங்களில் கோலங்களைப் பதிவுசெய்யும் கள ஆய்வாளர் குறித்துக்கொள்ள வேண்டிய கூறுகள் வரையறுக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சிக்குக் கோலம், நேர்ப்புள்ளி, இடுக்குப்புள்ளி, இழை, சமச்சீர், விளையாட்டுக் கணிதம், கள ஆய்வு.

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26இல் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாக உருவானது. சின்னசேலம், சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை எனச் சமவெளி வட்டங்களும், மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் கல்வராயன் மலை வட்டமும் இம்மாவட்டத்தில் அடங்கும். இப்பகுதியின் கைவினைகளுள் கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. மரச்சிற்பம் நிலைத்து நிற்பது. அதனை அளக்கலாம், காட்சிக்கு வைக்கலாம். தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் வாசலில் இடப்படும் கோலம் அவ்வாறு நிற்பதன்று. விடியலில் இடப்பட்டது நண்பகலுக்குள் காலடியில் கலைந்துவிடுகிறது. நிலைத்து நிற்பது அதனை இடும் முறை மட்டுமே.

அம்முறையில் கணிதம் உள்ளது என்பது பலரும் கூறிவரும் கருத்து. ஆனால் 'கோலத்தில் கணிதம் உள்ளது' என்று பொதுவாகக் கூறுவதால் ஆய்வுக்குப் பெரும்பயன் விளைவதில்லை. எந்தக் கேள்விக்குக் கணிதம் எந்த விடையைத் தருகிறது என்பதே தெளிவுபெற வேண்டும். கோலமிடுபவர் ஒவ்வொரு நாளும் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: இந்தப் புள்ளிகளில் தொடங்கும் இழை எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்திற்கே வந்து சேருமா, அல்லது பாதியிலேயே மூடிக்கொண்டு மற்றோர் இழையைத் தொடங்க வைக்குமா? இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

விளையாட்டுக் கணிதமும் கோலமும்

புதிர், விளையாட்டு, அழகிய வடிவம் ஆகியவற்றிலிருந்து எழும் கணிதத்தை விளையாட்டுக் கணிதம் என்பர். அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு எழுதிய பத்தி இத்துறையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. விளையாட்டாகத் தொடங்கிய கேள்விகள் பெருந்துறைகளாக வளர்ந்ததும் உண்டு. கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் கடந்து நகரைச் சுற்றிவர இயலுமா என்ற புதிருக்கு 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் அளித்த விடையே இன்றைய வரைபடக் கோட்பாட்டின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

கையை எடுக்காமல் வரையும் எந்த வடிவத்தையும் ஆய்லரின் விடையோடு இணைத்துப் பேசுவது வழக்கம். சிக்குக் கோலத்தைப் பொறுத்தவரை அவ்விணைப்பு போதாது. சிக்குக் கோலத்தில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வோர் இடத்திலும் நான்கு கிளைகள் கூடுகின்றன. எல்லாச் சந்திப்புகளிலும் கிளைகளின் எண்ணிக்கை இரட்டையாக இருக்கும் இணைந்த வடிவத்தைக் கையெடுக்காமல் வரைந்து முடிக்கலாம் என்பது ஆய்லர் வழியில் கிடைக்கும் முடிவு. அதன்படி இணைந்த சிக்குக் கோலம் ஒவ்வொன்றையும் கையெடுக்காமல் வரைய இயலும். ஆனால் அவ்வாறு வரைகையில் வெட்டுமிடத்தில் பக்கவாட்டில் திரும்பும் உரிமை தேவைப்படும். கோலமரபு அவ்வுரிமையைத் தருவதில்லை. வெட்டுமிடத்தில் இழை நேராகவே செல்ல வேண்டும். இந்த ஒரு கட்டுப்பாடே ஒரே இழை என்னும் கேள்வியை ஆய்லரின் புதிரிலிருந்து வேறுபடுத்துகிறது.

கணித ஆய்வுலகில் கோலம்

ஆங்கில மானிடவியலாளர் ஜான் லேயார்ட் 1937இல் 'ஃபோக்லோர்' இதழில் தென்னிந்திய வாசற்கோலங்களையும் பச்சைகுத்து வடிவங்களையும் பற்றி எழுதினார். அவரது நோக்கு சடங்கு சார்ந்தது. கோலம் கணிதப் பொருளாக ஆய்வுலகில் நுழைந்ததில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் பெரும்பங்கு உண்டு. அக்கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974இல் வெளியிட்ட ஆய்வுரை, கோலங்களை உருவாக்கும் விதிகளை இலக்கண வடிவில் அமைத்தது. இங்கு இலக்கணம் என்பது, சில குறியீடுகளையும் மாற்று விதிகளையும் கொண்டு தொடர்களைப் பிறப்பிக்கும் கணினியியல் கருவி. தொடர்களுக்குப் பதிலாக நிரை, நிரலாக அமைந்த குறியீட்டு வரிசைகளைப் பிறப்பிப்பதால் இதனை அணிவரிசை இலக்கணம் எனலாம். தமிழ் மரபின் அணியிலக்கணத்தோடு இதற்குத் தொடர்பில்லை.

கிஃப்ட் சிரோமணி 1988இல் மறைந்தார். அவர் நினைவாக 1989இல் வெளிவந்த தொகுப்பில் ராணி சிரோமணி, ராபின்சன் ஆகியோருடன் அவர் இணைந்து எழுதிய கம்பிக் கோலம் பற்றிய ஆய்வுரை இடம்பெற்றது. இது கோலத்தை முடிந்த படமாகக் கொள்ளாமல், நேராகச் செல்லுதல், வலப்புறம் அல்லது இடப்புறம் வளைதல், புள்ளியைச் சுற்றித் திரும்புதல் முதலிய கையசைவுகளின் தொடராகக் குறியீடு செய்தது. கோலமிடுபவரின் நினைவில் தங்குவது படமன்று, அசைவு என்ற உண்மைக்கு இது நெருங்கிய அணுகுமுறை.

மொசாம்பிக் நாட்டுக் கணிதவியலாளர் பாலுஸ் கெர்டஸ், அங்கோலாவின் சொக்வே மக்கள் மணலில் வரையும் சோனா வடிவங்களையும் தமிழகக் கோலங்களையும் ஆராய்ந்தவர். 1989இல் வெளிவந்த அவரது கட்டுரை தமிழர் வடிவங்களில் இழந்துபோன சமச்சீர்களை மீட்டுருவாக்குவதை நோக்கமாகக் கொண்டது. பல மூடிய கோடுகளால் ஆன சில வடிவங்களுக்குப் பின்னே ஒரே கோட்டால் ஆன மூலவடிவம் இருந்திருக்கக்கூடும் என்பது அதன் கருதுகோள். மார்சியா ஆஷர் 2002இல் 'அமெரிக்கன் சயின்டிஸ்ட்' இதழில் எழுதிய கட்டுரை கோலமரபையும் கணினியியலையும் இணைத்து உலக வாசகருக்கு அறிமுகம் செய்தது. ஜப்பானிலிருந்து வெளிவரும் 'ஃபோர்மா' இதழ் 2007இல் முடிச்சுக் கோட்பாட்டின் வழியாகக் கோலத்தை அணுகிய ஆய்வு உள்ளிட்ட கட்டுரைகளையும், 2015இல் எந்தப் புள்ளிக் கோலத்தையும் உருவாக்கும் இடவியல் முறையை விளக்கிய வெங்கட்ராமன் கோபாலன், பிரையன் வான்லீவன் ஆகியோரின் கட்டுரையையும் வெளியிட்டது.

இவ்வாய்வு வரலாற்றில் கெர்டஸின் கருதுகோள் தமிழாய்வாளருக்கு ஒரு முறையியல் சிக்கலை எழுப்புகிறது. பல இழைகள் கொண்ட ஒரு கோலத்தைக் காணும் ஆய்வாளர் அதனைச் சிதைவு எனக் கொள்வதா, அது அவ்வாறுதான் இருக்க இயலும் எனக் கொள்வதா? இதற்கு விடைகாண முதலில் எண்ணிக்கையின் விதிகள் தெரிந்திருக்க வேண்டும்.

செவ்வகக் கோலமும் மீப்பெரு பொதுக் காரணியும்

புள்ளிகள் நிரைக்கு நிரை நேராக அமைந்திருப்பது நேர்ப்புள்ளி. செவ்வகமாக அமைந்த நேர்ப்புள்ளிகளில் அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே எங்கும் கோடுகள் வெட்டிக்கொள்ளும்படி இடப்படும் கோலத்தை முழுவெட்டுக் கோலம் என இக்கட்டுரை குறிக்கிறது. நிரைகளின் எண்ணிக்கை அ, ஒவ்வொரு நிரையிலும் உள்ள புள்ளிகள் ஆ எனில், முழுவெட்டுக் கோலத்தின் இழைகள் அ, ஆ ஆகியவற்றின் மீப்பெரு பொதுக் காரணிக்குச் சமம். சொக்வே மக்களின் சோனா வடிவங்களைப் பற்றிய ஆய்வுகளிலும் இதே விதி காணப்படுகிறது.

இதன் காரணத்தைக் கேரம் பலகையைக் கொண்டு விளக்கலாம். 2அ அலகு நீளமும் 2ஆ அலகு அகலமும் உடைய பலகை ஒன்றை ஓரலகுக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்வோம். நான்கு கட்டங்கள் கூடும் இடங்களுள் ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளிகள் அமையும். ஒவ்வொரு புள்ளிக்கும் அதனைச் சூழ்ந்த நான்கு கட்டங்கள் உரியவை. கோலத்தின் இழை கட்டங்களின் மூலைவிட்டங்கள் வழியே சாய்வாகச் சென்று, விளிம்பில் மோதும்போது கேரம் காய் போல அதே சாய்வில் திரும்புகிறது. விளிம்பிலுள்ள கூர்முனைகளைக் கோலமிடுபவர் வளைவாக்கிக்கொள்கிறார்.

பலகையில் மொத்தம் 4அஆ கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டத்தையும் ஏதேனும் ஓர் இழை ஒரே ஒரு முறை கடக்கிறது. காய் நீளவாக்கில் தொடங்கிய நிலைக்கும் திசைக்கும் மீள 4அ கட்டங்களைக் கடக்க வேண்டும். அகலவாக்கில் மீள 4ஆ கட்டங்களைக் கடக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே நிகழ்வது, அ, ஆ ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கின் நான்கு மடங்கு கட்டங்களைக் கடந்த பின்னரே. இழை பலகையின் மூலைகளைத் தொடுவதில்லை. ஆகவே வந்த வழியே திரும்பி ஒரே கட்டத்தை இருமுறை கடப்பதும் இல்லை. எனவே ஒவ்வோர் இழையும் கடக்கும் கட்டங்கள் சம எண்ணிக்கையில் அமைகின்றன. மொத்தக் கட்டங்களை ஓர் இழை கடக்கும் கட்டங்களால் வகுத்தால் மீப்பெரு பொதுக் காரணி கிடைக்கிறது.

4 நிரைகளும் நிரைக்கு 6 புள்ளிகளும் உள்ள கோலத்தில் கட்டங்கள் 96, மீச்சிறு பொது மடங்கு 12 ஆதலால் ஓர் இழை 48 கட்டங்களைக் கடக்கும், இழைகள் 2. 4 நிரை, 5 புள்ளி எனில் ஒரே இழை. சதுரக் கோலமோ எப்போதும் பக்க எண்ணிக்கையளவு இழைகளைக் கொண்டிருக்கும்: 3 நிரை, 3 புள்ளிக்கு 3 இழைகள். ஆகவே பக்கங்கள் சார்பகா எண்களாக இருந்தால் ஒரே இழை இயல்பாகவே அமைகிறது. சதுரத்தில் ஒரே இழை வேண்டுமெனில் சில வெட்டுகளை விட்டுவிட வேண்டும்.

வெட்டும் இழையும்: ஒற்றை இரட்டை விதி

வெட்டை விடுதல் என்பது, இரு புள்ளிகளுக்கு இடையே கோடுகள் குறுக்கிடாமல் அவை தத்தம் புள்ளியை ஒட்டியே வளைந்து செல்வதாகும். நேர்ப்புள்ளிக் கோலத்தில் அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே வெட்டு இருக்கும் அல்லது இராது என்ற இரு நிலைகளை மட்டும் இங்குக் கருதுவோம். எல்லா இடங்களிலும் வெட்டு இல்லையெனில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு சுழி அமையும். அதாவது இழைகள் புள்ளிகளுக்குச் சமம்.

இப்போது புள்ளிகளைச் சதுரங்கப் பலகை போலக் கருமை, வெண்மை என மாறிமாறிக் கொள்வோம். கரும்புள்ளிகளைச் சுற்றும் சுழிகள் வலஞ்சுழியாகவும் வெண்புள்ளிகளைச் சுற்றும் சுழிகள் இடஞ்சுழியாகவும் செல்லட்டும். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே இரு கோடுகளும் அப்போது ஒரே திசையில் இணையாகச் செல்லும். அங்கே ஒரு வெட்டு இடுவது, அருகருகே ஒரே திசையில் நடந்து செல்லும் இருவர் தம் பாதைகளை மாற்றிக்கொள்வதைப் போன்றது. இருவரும் வெவ்வேறு இழைகளில் நடப்பவராயின் அவ்விரு இழைகளும் ஒன்றாகும். ஒரே இழையின் இரு பகுதிகளில் நடப்பவராயின் அவ்விழை இரண்டாகப் பிரியும். வெட்டு இட்ட பின்னரும் நடைத்திசை குலைவதில்லை. அதனால் அடுத்த வெட்டுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

ஆகவே ஒவ்வொரு வெட்டும் இழைகளின் எண்ணிக்கையை ஒன்று கூட்டும் அல்லது ஒன்று குறைக்கும், மாறாமல் விடுவதில்லை. இதிலிருந்து பின்வரும் விதி கிடைக்கிறது: நேர்ப்புள்ளிக் கோலத்தில் புள்ளிகள், வெட்டுகள் ஆகியவற்றின் கூட்டுத்தொகை ஒற்றையெனில் இழைகள் ஒற்றை, இரட்டையெனில் இழைகளும் இரட்டை.

இதனை முந்தைய விதியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். 2 நிரை, 2 புள்ளி முழுவெட்டுக் கோலத்தில் புள்ளிகள் 4, வெட்டுகள் 4, கூட்டுத்தொகை 8, இழைகள் 2. 2 நிரை, 3 புள்ளிக்குப் புள்ளிகள் 6, வெட்டுகள் 7, கூட்டுத்தொகை 13, இழை 1. 3 நிரை, 3 புள்ளிக்குப் புள்ளிகள் 9, வெட்டுகள் 12, கூட்டுத்தொகை 21, இழைகள் 3. மூன்றிலும் இரு விதிகளும் ஒத்துப்போகின்றன.

சமச்சீரும் நடுவிடமும்

கோலத்தின் அழகுக்குச் சமச்சீர் இன்றியமையாதது. கோலத்தை அரைச்சுற்றுச் சுழற்றினாலும் அது முன்போலவே தோன்றுமாயின் அது அரைச்சுற்றுச் சமச்சீர் உடையது. கால் சுற்றிலேயே அவ்வாறு தோன்றும் கோலங்களும் இவ்வகையில் அடங்கும்.

அரைச்சுற்றுச் சமச்சீர் உடைய கோலத்தில் நடுவிடத்தைத் தவிர ஏனைய புள்ளிகளும் வெட்டுகளும் இணையிணையாகவே வரும். ஒரு பக்கத்தில் ஒரு வெட்டு இருந்தால் எதிர்ப்பக்கத்திலும் ஒன்று இருக்கும். இணையில்லாமல் நிற்கக்கூடியது நடுவில் அமைவது ஒன்றே. நடுவில் புள்ளி இருந்தால் புள்ளிகள் ஒற்றை, வெட்டுகள் இரட்டை, கூட்டுத்தொகை ஒற்றை. நடுவில் வெட்டு இருந்தால் புள்ளிகள் இரட்டை, வெட்டுகள் ஒற்றை. அப்போதும் கூட்டுத்தொகை ஒற்றை. நடு வெறுமையாக இருந்தால் இரண்டுமே இரட்டை; கூட்டுத்தொகையும் இரட்டை. எனவே நேர்ப்புள்ளிக் கோலங்களுக்குப் பின்வரும் நடுவிதி பெறப்படுகிறது: அரைச்சுற்றுச் சமச்சீர் உடைய கோலத்தின் நடுவில் புள்ளியோ வெட்டோ இருந்தால் இழைகள் ஒற்றை, நடு வெறுமையாக இருந்தால் இழைகள் இரட்டை.

இரட்டை எண்ணில் ஒன்று அடங்காது. ஆகவே நடு வெறுமையாக உள்ள சமச்சீர்க் கோலத்தை ஒரே இழையில் முடிக்க எவராலும் இயலாது. 4 நிரை, 4 புள்ளிகளை வைத்துக் கால் சுற்றுச் சமச்சீரோடு வெட்டுகளை எவ்வாறு மாற்றியமைத்தாலும் இழைகள் இரண்டுக்குக் குறையா. கைத்திறனோ நினைவாற்றலோ இதனை மாற்ற இயலாது. சமச்சீரைக் கைவிட்டால் மட்டுமே ஒரே இழை கிடைக்கும்: 2 நிரை, 2 புள்ளியில் மூன்று இடங்களில் மட்டும் வெட்டு இட்டால் ஒரே இழை அமையும், ஆனால் கோலம் ஒருபுறம் திறந்து நிற்கும்.

நடுவில் புள்ளி உள்ள சதுரங்களில் நிலை வேறு. 5 நிரை, 5 புள்ளிச் சதுரத்தை எடுத்துக்கொள்வோம். நடுப்புள்ளியைத் தனியே விட்டால் எஞ்சும் 24 புள்ளிகளை, நடுவைச் சுற்றிக் காற்றாடியின் நான்கு இறக்கைகளைப் போல நிற்கும் 2 × 3 செவ்வகங்கள் நான்காகப் பிரிக்கலாம். 2, 3 சார்பகா எண்கள். ஆதலால் ஒவ்வொரு செவ்வகமும் முழுவெட்டில் ஒரே இழை. நடுச்சுழியையும் சேர்த்து இழைகள் 5. நடுப்புள்ளியின் நான்கு பக்கங்களும் ஒவ்வொரு செவ்வகத்தைத் தொடுகின்றன. அந்நான்கு இடங்களிலும் வெட்டு இட்டால் ஒவ்வொரு வெட்டும் ஒரு செவ்வகத்தின் இழையை நடுவோடு இணைக்கும். ஐந்திலிருந்து நான்கு குறைந்து ஒரே இழை எஞ்சும்; கால் சுற்றுச் சமச்சீரும் குலையாது. அடுத்தடுத்த இயல் எண்கள் எப்போதும் சார்பகா எண்களாதலால், 7 புள்ளிச் சதுரத்தில் 3 × 4, 9 புள்ளிச் சதுரத்தில் 4 × 5 என இம்முறை ஒற்றைப்பட எல்லாச் சதுரங்களுக்கும் பொருந்தும்.

இத்தகைய பகுப்பைக் கோலத்தில் விரிவாகப் பயன்படுத்தியவர் இயற்பியலாளர் நாராணன். 1, 1, 2, 3, 5, 8, 13 என முந்தைய இரண்டின் கூட்டாக வளரும் ஃபிபனாச்சி எண்களைப் பக்கமாகக் கொண்ட சதுரங்களை, நடுவில் ஒரு சிறு சதுரமும் சுற்றிலும் நான்கு செவ்வகங்களுமாக அவர் அமைத்தார். 8 புள்ளிச் சதுரம் இம்முறையில் நடுவே 2 × 2 சதுரமும் சுற்றிலும் 3 × 5 செவ்வகங்கள் நான்குமாகப் பிரியும். நடுச்சதுரத்தின் 2 இழைகளும் செவ்வகங்களின் 4 இழைகளுமாகச் சேர்ந்து 6. நான்கு வெட்டுகளால் இணைத்தபின் எஞ்சுவன 2. நடுவிதி கூறும் எல்லை இங்கும் வெளிப்படுகிறது: 8 புள்ளிச் சதுரத்தின் நடு வெறுமையானது.

இடுக்குப்புள்ளி: விதியின் எல்லை

எந்த விதிக்கும் அதன் எல்லையைக் குறித்தல் வேண்டும். மேற்கண்ட ஒற்றை இரட்டை விதி நேர்ப்புள்ளிக்கு உரியது. ஒரு நிரையின் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட இடத்தில் அடுத்த நிரையின் புள்ளி அமையும் இடுக்குப்புள்ளியில் அது பொருந்தாது. இடுக்குப்புள்ளியில் மூன்று புள்ளிகள் ஒன்றுக்கொன்று அண்டையாக முக்கோணமாக நிற்கின்றன. அவற்றைக் கருமை, வெண்மை என மாறிமாறிக் கொள்ள இயலாது. இரண்டு ஒரே நிறமாகிவிடும். மூன்று புள்ளிகளுக்கு இடையேயும் வெட்டு இட்டால் புள்ளிகள் 3, வெட்டுகள் 3, கூட்டுத்தொகை 6. விதிப்படி இழைகள் இரட்டையாக வேண்டும். ஆனால் மூன்று இதழ்களோடு கிடைப்பது ஒரே இழை. நடு வெறுமையாக இருந்தும் இது நிகழ்கிறது.

கோலப் புத்தகங்களில் நேர்ப்புள்ளி 15-1, இடுக்குப்புள்ளி 15-8 என்பன போன்ற குறிப்புகள் காணப்படும். முதலாவது நடுநிரையில் 15 புள்ளிகள் வைத்து இருபுறமும் இரண்டிரண்டாகக் குறைத்து 1இல் முடிப்பது. மொத்தப் புள்ளிகள் 113. இரண்டாவது ஒவ்வொன்றாகக் குறைத்து 8இல் முடிப்பது, மொத்தம் 169. முதலாவதில் நடுப்புள்ளி இருப்பதால் அரைச்சுற்றுச் சமச்சீர் உடைய கோலங்களில் இழைகள் ஒற்றையாகவே அமையும். ஒரே இழைக்குத் தடையில்லை. இரண்டாவதில் இவ்விதி எதையும் தீர்மானிப்பதில்லை. புள்ளி வைக்கும் முறையின் பெயர் வெறும் வழக்குச் சொல்லன்று. இழைகளின் கணிதத்தையே மாற்றும் வேறுபாட்டை அது குறிக்கிறது. நேர்ப்புள்ளியிலும் இரு புள்ளிகளை ஒருசேர வளைத்து, அவற்றின் இடையே புகாமல் செல்லும் கோடுகள் உள்ள கோலங்கள் இவ்விதியின் எல்லைக்குப் புறத்தே நிற்பவை.

கள ஆய்வுக்கு இதன் பயன்

மேற்கண்ட முடிவுகள் கெர்டஸின் கருதுகோளை மறுப்பன அல்ல. அதனைச் சோதிக்கும் அளவுகோலைத் தருவன. நேர்ப்புள்ளியில் அமைந்த ஒரு சமச்சீர்க் கோலத்தில் இரண்டு இழைகள் காணப்பட்டால், ஆய்வாளர் முதலில் நடுவைப் பார்க்க வேண்டும். நடு வெறுமையாயின் அக்கோலத்திற்கு அதே புள்ளிகளில் அதே சமச்சீரோடு ஒரே இழை மூலவடிவம் இருந்திருக்க இயலாது. சிதைவு என்ற விளக்கம் அங்கு விலக்கப்படுகிறது. நடுவில் புள்ளி இருந்து மூன்று இழைகள் காணப்பட்டால் ஒரே இழை வடிவம் இயலக்கூடியது. அங்குதான் பிற சான்றுகளைத் தேடுவது பொருளுடையது. நடுவில் புள்ளியோ வெட்டோ இருந்தும் இழைகள் இரட்டையாகக் காணப்பட்டால், பதிவிலோ சமச்சீரிலோ பிழை உள்ளது என்பது உறுதி. படியெடுத்தலில் விடுபட்ட ஒரு வெட்டைக்கூட இவ்வாறு கண்டறியலாம்.

இச்சோதனைக்குக் கோலத்தின் நிழற்படம் மட்டும் போதாது. மாவுக்கோடு தேய்ந்த இடத்தில் வெட்டு உள்ளதா இல்லையா என்பதைப் படம் தெளிவாகக் காட்டாது. எந்த இடத்தில் தொடங்கி எவ்வழியே கை சென்றது என்பதையும் காட்டாது. ஆகவே கோலத்தைப் பதிவுசெய்யும்போது பின்வரும் கூறுகள் குறிக்கப்பட வேண்டும்: புள்ளி வைக்கும் முறையும் வரிசைதோறும் எண்ணிக்கையும், நடுவில் அமைவது புள்ளியா, வெட்டா, வெறுமையா என்பது, வெட்டுகளின் எண்ணிக்கை, இழைகளின் எண்ணிக்கை, சமச்சீரின் வகை, இழையைத் தொடங்கிய இடமும் கைசென்ற வரிசையும், இவற்றுக்கு இடுபவர் வழங்கும் பெயர்கள். இறுதிக்கூறு மொழியாய்வுக்கும் உதவும். சிக்கு, கம்பி, நெளி, சுழி எனக் கோலத்தின் பெயர்கள் பலவாக வழங்குவது அறிந்ததே. வெட்டுக்கும், வெட்டு விடுதலுக்கும், இழை பாதியில் மூடிக்கொள்வதற்கும் ஊர்தோறும் வழங்கும் சொற்களைத் தொகுத்தால், கட்டுரைகளில் ஆக்கிக்கொள்ளும் கலைச்சொற்களுக்கு மாற்றாக வழக்குச்சொற்களையே பயன்படுத்தலாம்.

இத்தகைய பதிவுக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டம் பொருத்தமான களம். சமவெளியின் பேரூர்களும் சிற்றூர்களும் மலையூர்களும் ஒரே மாவட்ட எல்லைக்குள் இருப்பதால், ஒரே வினாப்பட்டியலைக் கொண்டு ஒப்பீட்டுத் தரவுகளைத் திரட்ட இயலும். காலமும் துணைசெய்கிறது. இராமானுசன் பிறந்த டிசம்பர் 22 தேசிய கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. அது கோலங்கள் பெரிதாக இடப்படும் மார்கழியின் முதல் வாரத்தை ஒட்டி வருகிறது. பள்ளி மாணவர் தத்தம் வாசற்கோலத்தின் புள்ளிகளையும் வெட்டுகளையும் இழைகளையும் எண்ணிவந்து வகுப்பில் விதியைச் சோதிக்கலாம். மீப்பெரு பொதுக் காரணி பள்ளிப்பாடத்தில் இருப்பதே. அதற்கு வாசலில் ஒரு பொருள் உண்டு என்பது பாடத்திற்கு வலுவூட்டும். கோலமிடும் தாயும் பாட்டியும் அங்குத் தகவலாளிகளாக மட்டுமன்றிக் கணிதக் கேள்வியை முதலில் எழுப்பியவர்களாகவும் இடம்பெறுவர்.

முடிவுரை

ஒரே இழையில் கோலத்தை முடிப்பது கைத்திறனை மட்டும் சார்ந்ததன்று. செவ்வகத்தின் பக்கங்கள் சார்பகா எண்களாக அமைந்தால் முழுவெட்டில் ஒரே இழை தானே கிடைக்கிறது. நேர்ப்புள்ளியில் ஒவ்வொரு வெட்டும் இழைகளை ஒன்று கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. அரைச்சுற்றுச் சமச்சீர்க் கோலத்தில் நடு நிறைந்திருந்தால் இழைகள் ஒற்றை, வெறுமையாயின் இரட்டை. ஒற்றைப்படச் சதுரங்கள் யாவற்றிலும் கால் சுற்றுச் சமச்சீரோடு ஒரே இழை இயலும். இரட்டைப்படச் சதுரம் எதிலும் இயலாது.

இம்முடிவுகளால் பல இழைகள் உடைய கோலம் குறையுடையது என்ற முன்முடிவு தளர்கிறது. இரண்டு இழைகளாக முடியும் 4 புள்ளிச் சதுரக் கோலம், சமச்சீரைக் காத்துக்கொண்டு இயன்றவரை குறைந்த இழைகளில் நின்ற கோலமாகும். அதனை இட்டவர் பிழை செய்யவில்லை. எண்ணின் எல்லையை எட்டியிருக்கிறார். நாட்டுப்புறக் கலைகளை ஆராய்வோர், சிதைவு என்று எழுதுவதற்கு முன் புள்ளிகளையும் வெட்டுகளையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது அக்கலைக்கும் அதனைக் காத்துவந்தவர்க்கும் செய்யும் நியாயமாகும்.